வாய் திறக்காத வாத்து

பிராட்ஃபோர்ட், இங்கிலாந்து
1957 பிப்ரவரி 10

அன்புத் தங்கை போலாவுக்கு,

அண்ணன் செவெரின் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு சின்ன இருமல். கம்பளி ஆலையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உள்ளதுதான், தூசி. அதை விடு.

இப்போதெல்லாம் உன் கடிதங்கள் அரசாங்கத் தணிக்கையில் யாரும் பிரிக்காமல் வந்து சேருகின்றன. அதனால் மனம்விட்டு எழுதுகிறேன். நான் நம் குடும்ப வரலாற்றை எழுத ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. தாத்தாரியர் படை வந்தபோது நாணலுக்குள் ஒளிந்துகொண்ட ப்ரோகோப் மெல்னோவ்ஸ்கியில் தொடங்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்து மட்டும் கத்தியிருந்தால் நீயும் இல்லை, நானும் இல்லை. அரசர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்து, பிரபுப் பட்டத்தோடு அந்த வாத்தையே நமக்குக் குலச் சின்னமாகக் கொடுத்தார். மற்ற பிரபுக்களுக்கெல்லாம் கழுகும் சிங்கமும் இருக்க, நமக்கு வாத்து. இங்கே என்னோடு ஒரே அறையில் இருக்கிற வலெந்தி பட்செக்குக்கு இதைப் படித்துக் காட்டினேன். நம் ஊர்க் கொல்லன் மகன், ஞாபகம் இருக்கிறதா? போரில் என் படைப்பிரிவில் இருந்தவன், இப்போது ஆலையில் எனக்கு மேஸ்திரி. "கேப்டன், கசாப்புக்குப் போற வாத்தா, முட்டை போடுற வாத்தா?" என்று கேட்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு இந்தப் பெயரில் ஆண்மகனும் இல்லை. ஒரு குலத்தின் கடைசி ஆண் போனால், அவன் சவப்பெட்டியின்மேல் குலக் கேடயத்தை வைத்து உடைப்பது நம்மவர் வழக்கம். குலம் முடிந்தது என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேடயத்தை நீதான் உடைக்க வேண்டும். என்னை நம் ஊர் மெல்னூவில், குடும்பச் சிற்றாலயத்தின் நிலவறையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைக்க ஏற்பாடு செய். அந்தக் காலத்தில் இறந்தவனைப் போலவே கவசம் போட்ட ஒருவன் குதிரையோடு கோயிலுக்குள் வந்து தடாலென்று விழவும் வேண்டும். அதை விட்டுவிடலாம், உனக்குக் குதிரை கிடைக்காது.

நிலவறையில் யார் எந்த வரிசையில் கிடக்கிறார்கள் என்று பார்த்து எழுது. வரலாற்றுக்கு வேண்டும்.

உன் நெற்றியில் முத்தமிட்டு,
செவெரின்


ராதோம்
1957 மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை போலாவின் வணக்கம். முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது. உன் இருமலுக்கு ராத்திரியில் சூடான பாலில் தேனும் வெண்ணெயும் போட்டுக் குடி. வலெந்தியைக் காய்ச்சச் சொல், நீ பாலைப் பொங்க விட்டுவிடுவாய்.

சாவைப் பற்றி ஒரு பக்கம், வாத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு நான் எப்படி நாடகக் கொட்டகைக்கு வேலைக்குப் போய், வருகிறவர்களின் கோட்டையும் தொப்பியையும் வாங்கி மாட்டுவது? நேற்று ஒரு மேலதிகாரியின் தொப்பியை அவர் டிரைவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவனும் அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உனக்குப் பிறகு யாரும் இல்லை என்கிறாய். நான் என்ன, யாரோ மறந்துவிட்டுப் போன குடையா? நீ போன மறுநாளும் இதே பெயரைப் பெண்பாலில், மெல்னோவ்ஸ்கா என்று கையெழுத்துப் போட்டுத்தான் நான் சம்பளம் வாங்குவேன். இதையும் உன் வரலாற்றில் ஒரு மூலையில் எழுது.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். நிலத்தையும் மாளிகையையும் பறித்த அரசு, நாம் அந்த மாவட்டத்தில் குடியிருக்கத்தான் தடை போட்டிருக்கிறது. போய்வந்தால் யாரும் கேட்பதில்லை. போன ஞாயிறு போனேன். இறங்கினதும் இடது பக்கம் ப்ரோகோப். அவருக்கு அடுத்து வியன்னா போரிலிருந்து துருக்கிக் கூடாரத்தோடு திரும்பி வந்தவர். வலது பக்கம், சைபீரியாவுக்குப் போய்ப் பல்லில்லாமல் திரும்பிய இக்னாத்ஸி கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி குனெகுந்தா, பிறகு தாத்தா. அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. சிவப்புக் கண்ணாடி விளக்கு எரிகிறது. வெளியே லிண்டன் மரங்கள் மொட்டு விடப் பார்க்கின்றன.

அவசரப்படாதே. இடம் எங்கேயும் ஓடிப் போகாது.

உன் போலா


ராதோம்
1957 மார்ச் 3

அன்புள்ள பல்பினாவுக்கு,

நீயும் குழந்தைகளும் சுகமா? பசு கன்று போட்டதா? எங்கள் வீட்டுச் சமையலறையில் நீ மாவு பிசைந்த காலத்திலிருந்து என் அழுகையைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

அண்ணனுக்கு இப்போதுதான் ஒரு கடிதம் எழுதி ஒட்டினேன். லிண்டன் மரம் மொட்டு விடுகிறது என்றது உட்பட, அதில் உள்ளது அத்தனையும் பொய். சிற்றாலயம் அரசுப் பண்ணையின் உரக் கிடங்காகிவிட்டது என்று நான் அவருக்கு இதுவரை எழுதவில்லை. பெட்டிகளை உடைத்ததையும் எழுதவில்லை. போர் முடிந்து போன முதல் கடிதத்தில் "விளக்கு எரிகிறது" என்று ஏதோ ஆறுதலுக்கு எழுதினேன். அதற்குப் பிறகு அதை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அங்கேயே தன்னைப் புதைக்கச் சொல்கிறார்.

உன் தம்பி வலெந்திக்கு எழுதும்போது சிற்றாலயத்தைப் பற்றியோ அங்கே கிடந்தவர்களைப் பற்றியோ ஒரு வார்த்தை எழுதாதே. அண்ணன் தாங்க மாட்டார்.

வாத்துப் போட்ட கேடயம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? மரமோ தகரமோ, எதுவானாலும் சரி.

அன்புடன்
அப்போலோனியா மெல்னோவ்ஸ்கா


மெல்னூவ்
1957 ஏப்ரல் 28

யேசுவுக்குத் தோத்திரம்.

சின்னம்மாவுக்கு பல்பினா சொல்ல, பள்ளிக்கூட டீச்சர் எழுதறது. எல்லாரும் சுகம். கன்னுக்குட்டி காளை. ஈஸ்டர் வேலையில பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க.

உங்க லெட்டரை டீச்சரை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏன் சின்னம்மா, இப்படியா எழுதி வைப்பீங்க? லிண்டன் மரம் மொட்டு விடுதுன்னு எழுதினீங்களாமே. அதை ரோடு போட வெட்டி எம்புட்டு நாளாச்சு. விளக்கு மாட்டின கொக்கியில இப்ப தராசு தொங்குது.

சரி, கெட்டதை மறைச்சீங்க. நல்லதை ஏன் மறைக்கணும்? மோதிரம் தேடி வந்த பாவிங்க பெட்டியை உடைச்சு எலும்பை வாசல்ல கொட்டிட்டுப் போனப்ப, சாமியாரும் எங்கம்மாவும் நானும் துப்பட்டியில பொறுக்கிக் கட்டினோம். ஊர்க் கல்லறையில எங்கப்பன் குழிக்குப் பக்கத்துல புதைச்சோம். சாமியார் மந்திரம் சொன்னார், எங்கம்மா ஒப்பாரி வச்சா. அப்ப லெட்டரைப் பிரிச்சுப் படிச்சானுங்க, சாமியாரைப் பிடிச்சுட்டுப் போயிடுவானுங்கன்னு நான் தம்பிக்குக்கூட எழுதல. இப்ப எழுதலாமேன்னு இருந்தேன், நீங்க வேண்டாங்கறீங்க. குடியானவங்க நடுவுல கிடக்கறது கவுரவக் குறைச்சல்னு அய்யா நெனைப்பார்னா, வெளிப்படையாச் சொல்லிடுங்க. நான் மனசுல வச்சுக்க மாட்டேன்.

கேடயம் ஒண்ணும் இல்ல. வாசக்கல்லுல இருந்த வாத்தை உளியால கொத்திட்டாங்க. ஆனா ஒண்ணு இருக்கு. கிறிஸ்துமஸ் தேன் ரொட்டி சுடற மரஅச்சு. கேடயமும் வாத்தும் அப்படியே இருக்கும். மாளிகையைக் காலி பண்ணின அன்னிக்கு அதை மட்டும் பாவாடைக்குள்ள வச்சு எடுத்தாந்தேன். இப்ப ஊறுகாய்ப் பீப்பாய்க்கு மூடியா இருக்கு.

வாயை மூடிக்கறேன். வாத்து வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவதானே நானும். ஆனா எனக்கு இது பிடிக்கல.

பல்பினா


பிராட்ஃபோர்ட்
1957 ஜூன் 23

அன்புத் தங்கை போலாவுக்கு,

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னித்துக்கொள். ஆலையில் வேலை அதிகம். மற்றபடி நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பேனாவின் குற்றம். உன் பால் வைத்தியம் நடக்கிறது. வலெந்திதான் காய்ச்சுகிறான், அவனும் பொங்க விடுகிறான்.

வரலாறு, ஜார் ஆட்சிக்கு எதிரான 1863 கலகம் வரைக்கும் வந்துவிட்டது. குனெகுந்தா பாட்டி நகையெல்லாம் கலகக்காரர்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் போட்டுக்கொண்ட இடத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது. இக்னாத்ஸி சைபீரியாவிலிருந்து திரும்பும் வரைக்கும் அவள் அதைக் கழற்றவில்லை. திரும்பிய பிறகும் கழற்றவில்லை. "பழகிட்டேன், விட்டுடு" என்றாளாம். அந்த மோதிரத்தோடுதானே அவளைப் புதைத்தார்கள்?

சில சின்னக் கேள்விகள். சிற்றாலயக் கூரையில் இருந்த ஆந்தை இருக்கிறதா? லிண்டன் பூத்துவிட்டதா? உள்ளே என்ன வாசனை வருகிறது?

இன்னொன்று. இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அவர்கள் எல்லோரும் நிம்மதியாகக் கிடக்கிறார்களா?

உன் செவெரின்


ராதோம்
1957 ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

போலாவின் வணக்கம். உன் கடிதம் வராத நாட்களில் தபால்காரர் என்னைக் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டார். நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததும் அவரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன்.

ஆந்தை இருக்கிறது. குஞ்சு பொரித்திருக்கிறது. லிண்டன் பூத்துத் தேனீ மொய்க்கிறது. உள்ளே பழைய மெழுகு வாசனை, கொஞ்சம் ஈரம்.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். கிடக்கிறார்கள் அண்ணா. ஒருவரோடு ஒருவர் நெருக்கமாக, நிம்மதியாகக் கிடக்கிறார்கள். வாத்தின்மேல் ஆணை.

பேனாவை மாற்று.

உன் போலா


மெல்னூவ்
1957 நவம்பர் 10

யேசுவுக்குத் தோத்திரம்.

சின்னம்மாவுக்கு பல்பினா சொல்லி எழுதறது. கல்லறைத் திருநாளுக்கு வந்துட்டுப் போனீங்களே, ஊர் போய்ச் சேர்ந்ததும் சளி பிடிச்சுதா? மழையில அம்புட்டு நேரம் மண்டி போட்டா பிடிக்காம என்ன செய்யும்.

நீங்க சொன்னபடி அச்சைக் கழுவிக் காய வச்சு, தேன் ரொட்டி சுட்டேன். வாத்து நல்லா விழுந்திருக்கு, மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை. வைக்கோல் சுத்தி இங்கிலாந்துக்குப் பார்சல் போட்டாச்சு. தபாலாபீஸ்ல "உள்ள என்ன?"ன்னான். "கேடயம்"னேன். "ஆயுதம் அனுப்பக் கூடாது"ன்னான். "ஒரு ஓரத்தைக் கடிச்சுப் பாருய்யா"ன்னேன். விட்டுட்டான்.

இப்ப நான் சொல்றதை உக்காந்துக்கிட்டுப் படிங்க. தம்பி லெட்டர் போட்டிருக்கான். அய்யா வசந்த காலத்துலேர்ந்து ஆஸ்பத்திரியில இருக்காராம். நெஞ்சு முழுக்கக் கெட்டுப் போச்சாம். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காராம். நீங்க ஒரு பக்கம் மறைக்கிறீங்க, அவர் ஒரு பக்கம் மறைக்கிறார். நல்ல குடும்பம்.

இன்னொண்ணும் எழுதியிருக்கான். காய்ச்சல்ல "அவங்களை எங்க எறிஞ்சாங்க, எந்தச் சாக்கடையில எறிஞ்சாங்க"ன்னே கேட்டுக்கிட்டிருக்காராம். அவருக்குக் கிடங்கு விஷயம் தெரியும் சின்னம்மா. எப்படின்னு தெரியல, ஆனா தெரியும். அதுக்கு மேலதான் தெரியாது.

அதனால நான் எழுதிட்டேன். எங்கப்பன் குழியையும் துப்பட்டியையும் எல்லாத்தையும் தம்பிக்கு எழுதி, அய்யாவுக்குப் படிச்சுக் காட்டுன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேக்காமத்தான் எழுதினேன். திட்டணும்னா நேர்ல வந்து திட்டுங்க. சூப்பு வச்சுத் தரேன்.

பல்பினா


பிராட்ஃபோர்ட்
1957 டிசம்பர் 8

அன்புத் தங்கை போலா,

சௌக்கியமா? நான் சௌக்கியம். இன்று நிஜமாகவே சௌக்கியம்.

உன் கேடயம் நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தால் துண்டு துண்டாக இருக்கிறது. கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கடைசி மெல்னோவ்ஸ்கிக்குச் செய்ய வேண்டிய சடங்கை இரண்டு நாட்டுத் தபால்காரர்களும் சேர்ந்து முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் தாதிப் பெண் ஓடி வந்தாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தேன். வலெந்தி வாலைத் தின்றான். தலையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

தாதி என்று எழுதிவிட்டேன், பார். சரி, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. இதை எழுதுகிற இடம் ஆஸ்பத்திரி. பயப்படாதே, சுத்தமான இடம்.

இத்துடன் கிறிஸ்துமஸ் அப்பத்தில் பாதி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை முதல் நட்சத்திரம் தெரிந்ததும், உன் மேஜையில் எனக்கென்று போடும் காலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிட்டுச் சாப்பிடு. மறுபாதியை நான் இங்கே சாப்பிடுவேன்.

சிவப்பு விளக்கைப் பற்றி இனிமேல் கவலைப்படாதே. காற்றடித்து அணைந்தால் அணைந்துவிட்டுப் போகட்டும். நீ இத்தனை நாள் ஏற்றினது போதும்.

உன் செவெரின்


பிராட்ஃபோர்ட்
1957 டிசம்பர் 27

யேசுவுக்குத் தோத்திரம்.

மதிப்புக்குரிய அம்மாவுக்கு வலெந்தி பட்செக் எழுதறது. தந்தி கிடைச்சிருக்கும். எனக்கு உங்க மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

கேப்டன் பத்தொன்பதாம் தேதி காலையில போயிட்டார். கஷ்டப்படல. நானும் சாமியாரும் பக்கத்துல இருந்தோம். இங்க நம்ம ஆளுங்க கல்லறைன்னு ஒரு பக்கம் இருக்கு, அங்கதான் வச்சிருக்கோம். ஆலையில எல்லாரும் வந்தாங்க, வெள்ளைக்காரங்ககூட வந்தாங்க.

அம்மா, அவருக்கு ரொம்ப நாளாவே தெரியும். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் போர் முடிஞ்சு இங்க வந்தப்ப சொல்லிட்டான், உரக் கிடங்கு ஆயிடுச்சு, எலும்பையெல்லாம் வெளிய கொட்டிட்டாங்கன்னு. கேப்டன் அன்னிக்கு சாப்பிடல. அப்புறம் உங்க லெட்டர் வந்துச்சு, விளக்கு எரியுதுன்னு. நான் கேட்டேன், "ஏன் கேப்டன், அம்மாகிட்ட உண்மையைக் கேட்டுட வேண்டியதுதானே." அவர் சொன்னார், "எனக்காக அவ அந்த விளக்கை ஏத்தி வச்சிருக்கா. நான் ஊதி அணைக்கவா?" அதுலேர்ந்து உங்க லெட்டர் வந்தா எனக்கும் படிச்சுக் காட்டுவார். ஆந்தைக் குஞ்சு வந்தப்ப ரெண்டு பேரும் அதுக்குப் பேரு வச்சோம்.

ஆனா ராத்திரியில அந்த எலும்பு நெனைப்புதான் அவரைத் தின்னுச்சு. "குனெகுந்தா பாட்டியை எந்தக் குப்பையில போட்டாங்களோ"ம்பார்.

அக்கா லெட்டர் நவம்பர் கடைசியில வந்துச்சு. அவர் கட்டில்ல உக்காந்து படிச்சுக் காட்டினேன். கேட்டு முடிச்சதும் "உங்கப்பா பக்கத்துலயா?"ன்னார். "ஆமா கேப்டன்"னேன். "தாத்தாவோட சவ ஊர்வலக் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன்னு நின்ன மனுஷனாச்சே"ன்னார். "அவரேதான்"னேன். "இப்ப ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்க?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சவர், அப்படியே அழுதுட்டார். எனக்கும் அடக்க முடியல.

அன்னிக்கு ராத்திரிதான் வருஷக்கணக்கா இல்லாத தூக்கம் தூங்கினார். அந்த வரலாற்று நோட்டுல கடைசியா ஒரு வரி எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். "பட்செக் குடும்பத்தார் எங்களைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்." அவ்வளவுதான்.

வாத்துத் தலையை அவர் சட்டைப் பையில வச்சே அனுப்பினேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.

கோடையில நான் ஊருக்கு வர விசா கேட்டிருக்கேன். உங்களுக்கு இங்கேர்ந்து என்ன கொண்டு வரணும்?

வலெந்தி


மெல்னூவ்
1958 ஜனவரி 19

அன்புள்ள வலெந்திக்கு,

அப்போலோனியா எழுதுகிறேன். நீ நலமா? உன் அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பல்பினா என்னைத் திட்டவும் விடவில்லை, அழவும் விடவில்லை. சூப்பைக் குடித்துவிட்டு அழுங்கள் என்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேதனைதான். நான் உண்மையை எழுதியிருந்தால் அவர் அத்தனை ராத்திரிகள் அந்த எலும்புகளைத் தேடியிருக்க மாட்டார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவருக்குச் சேர வேண்டிய ஒரே ஆறுதலை நானே பூட்டி வைத்துவிட்டேன். நாணலில் வாய் மூடிய வாத்து எங்களைக் காப்பாற்றியது. நான் வாய் மூடினது யாரையும் காப்பாற்றவில்லை. உன் அக்காதான் கத்தினாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவர் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாதி அப்பத்தை வைத்தேன். அவர் போய் ஐந்தாம் நாள் அது. பிட்டுச் சாப்பிட்டேன்.

பல்பினா நேற்று மறுபடி அச்சில் மாவை அழுத்தினாள். கேடயம் முழுசாக வந்தது, மூக்கு உட்பட. இன்று பூசை முடிந்ததும் அதைக் கல்லறைக்கு எடுத்துப் போனோம். உங்கள் குழியும் எங்கள் குழியும் ஒரே பனிக்குள் இருந்தன. எது உங்கள் பக்கம், எது எங்கள் பக்கம் என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும், எல்லாருக்கும் சேர்த்துத்தான் விளக்கு வைக்கிறேன்" என்றாள்.

என் கையால்தான் உடைத்தேன். அவர் கேட்டபடி பெட்டியின்மேல் வைக்க முடியவில்லை, அது அங்கே இருக்கிறது, அதனால் என் முழங்காலில் வைத்து உடைத்தேன். வந்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுத்தேன். பண்ணைக் கிடங்குக்காரரும் வந்திருந்தார், அவருக்கும் கொடுத்தேன். குலம் முடிந்தது என்று ஊருக்குச் சொல்லத்தான் அந்தச் சடங்கு. ஊர் அதைத் தின்றுவிட்டு இன்னொரு துண்டு கேட்டது.

என்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டாய். அவர் குழியிலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டு வா. தாத்தாவுக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் போடலாம். உன் அப்பா முறைத்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

வாத்தின் வாலை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் கல்லாகிவிடும். தேநீரில் நனைத்துச் சாப்பிடலாம்.

உன் சகோதரி
போலா